படங்கு கட்டிய மருந்து

தொழிற்சங்க வேலை என்பது ஊருக்காகத் தொண்டை கிழியக் கத்தி, ஊராரிடமே வசவு வாங்கும் தொழில். வாங்கிய தோழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நான் படித்ததெல்லாம் துண்டறிக்கைகள்தான். ஆனாலும் இந்த மூணாறு மலையில் புற்றுநோய் மருந்துக்காக எஸ்டேட் வாசலில் கேட் கூட்டம் போட்டவன் நான்.

தள்ளிவைத்த கீமோ

எங்கள் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பேச்சியம்மாளுக்கு மார்பில் புற்று. நகரத்து ஆஸ்பத்திரியில் கீமோ ஏற்றினால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். அவற்றைக் கூட்டத் தினமும் ஓர் ஊசி. அதற்கு ஜீப்பில் குலுங்கி டவுனுக்குப் போக வேண்டும். மழையில் பாதை சரிந்து ஊசி விட்டுப்போனது. அணுக்கள் ஏறாததால் அடுத்த கீமோவைத் தள்ளிவைத்துவிட்டார்கள். விசாரிக்கப் போன என்னிடம் பேச்சியம்மாள் கேட்டாள்: "டாக்டர் தள்ளிவச்சுட்டாரு அண்ணாச்சி. உள்ள இருக்கிறது மட்டும் வேலைநிறுத்தமா செய்யுது?"

கேட் கூட்டம்

டாக்டர் வேறொரு மருந்து சொன்னார். பழைய ஊசியில் இருந்த அதே புரதம்தான், கூடவே ஒரு பாலிமர் இழையைக் கோத்திருக்கிறார்கள். உருவம் பெருத்துவிடுவதால் சிறுநீரகம் அதைச் சட்டென்று வெளியே தள்ளாது. ஒரு கீமோவுக்கு ஒரே ஊசி போதும். மருந்தை ஆஸ்பத்திரியே கொடுக்கும். கீமோ முடிந்து ஒரு நாள் போன பிறகுதான் போட வேண்டும் என்பதால், எங்கள் டிஸ்பென்சரியில் அதைக் குளிரில் வைக்க வேண்டும்.

இதைக் கேட்டுப் போட்ட கூட்டத்தில் 'பாலிமர்' என்றதும், "பிளாஸ்டிக்கையா உடம்புல ஏத்துறது?" என்று பெண்கள் பயந்தார்கள். மழைக்கு அவர்கள் இடுப்பில் கட்டியிருந்த தார்ப்பாய்ப் படங்கைக் காட்டி, "மருந்துக்கும் இப்படி ஒன்று கட்டியிருக்கிறார்கள்" என்றேன். பின்னாலிருந்து சுடலி கத்தினாள்: "மருந்துக்கே புதுப் படங்கு வந்துட்டு. எங்களுது கிழிஞ்சு தொங்குது, அதுக்கு எப்பக் கூட்டம்?"

பங்களா ஃபிரிட்ஜ்

டிஸ்பென்சரி ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குப் போயிருப்பதாக மேனேஜர் சொன்னார். போயிருந்த இடம் அவருடைய பங்களா. உள்ளே ஐஸ்கிரீமும் பழச்சாறும் இருந்தன. காலையில் யாரும் கொழுந்துக்குப் போகவில்லை. பங்களா வாசலில் உட்கார்ந்தோம். மத்தியானத்துக்குள் ஃபிரிட்ஜ் நம் ஆட்களின் தோளில் இறங்கியது.

அடுத்த முறை கீமோ குறித்த நாளில் நடந்தது. மறுநாள் போய் டிஸ்பென்சரியில் நின்றேன். நர்ஸ் ஊசி போட்டாள். அதன்பின் வந்த பரிசோதனையில் அணுக்கள் குறையாமல் நின்றன. என் கழுத்தில் மாலை எதுவும் விழவில்லை. ஆனாலும் அன்று எங்கள் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்து வழியாக நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன். ஊசி தந்த எலும்பு வலியோடு படுத்திருந்த பேச்சியம்மாள் சிரித்தாள்: "மருந்து செஞ்சது யாரோ, குத்துனது நர்ஸு, ஃபிரிட்ஜைத் தூக்குனது பயலுக. நீங்க கத்துனதுக்கா இந்த நடை, அண்ணாச்சி?"

ஒரு புரதத்தை உடம்பில் பல நாள் நிறுத்த ஓர் இழை போதுமாம்; ஒரு ஃபிரிட்ஜைப் பங்களாவிலிருந்து இறக்க என் தொண்டை முழுவதும் தேவைப்பட்டது.