ஒன்பது பேருக்கு ஒரே பெயர்

இன்று காலை சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் கம்பெனி பஸ் வந்தது. டிரைவர் கையில் கம்ப்யூட்டர் அச்சடித்த புதுப் பட்டியல்.

"செல்வம் மட்டும் ஏறலாம். மத்தவங்க பேரு இல்ல லா."

பஸ்ஸை விட்டால் ஷிப்ட் போய்விடும். பட்டியலை வாங்கி எழுத்துக்கூட்டி நானே படித்தேன். போன வருடம்வரை கைநாட்டு வைத்தவன் நான். "உட்லண்ட்ஸ், 9, செல்வம்" என்றிருந்தது.

"ஒன்பதுன்னு போட்டிருக்கே, மத்த எட்டுப் பேரு யாரு? நாங்கதான்!" என்று படியில் நின்றுகொண்டேன். எல்லாரும் ஏறிய பிறகுதான் பஸ் நகர்ந்தது.

பூன் லே கம்பெனிக்கு வந்ததும் நேரே கம்ப்யூட்டர் அறைக்குப் போய், பட்டியல் எடுக்கும் ரோஸ்மேரியிடம் கேட்டேன்.

"ஏரியாவாரியா குரூப் பண்ணி எத்தனை பேருன்னு கம்ப்யூட்டர்கிட்ட கேட்டேன், அங்கிள். ஏரியாவுக்கு ஒரு வரிதான் வரும். கூடவே பேரையும் கேட்டது என் தப்பு. அது ஏதோ ஒரு பேரை எடுத்துப் போட்டுடுச்சு."

"எண்ணிக்கை மட்டும் போடு, இல்லன்னா எல்லார் பேரையும் போடு. ஒருத்தன் பேருக்குள்ள எங்களை அடைக்காதே."

"கம்ப்யூட்டர்கிட்ட பட்டியல் கேக்கற எஸ்கியூஎல் பாஷையில ரூலே அதுதான், அங்கிள்!" என்று சிரித்தாள்.

நாளை ஒன்பது வரியும் வருமாம். எனக்கு நம்பிக்கையில்லை. அதனால் கேண்டீன் பலகையில் இந்தத் தாளை ஒட்டி, பென்சிலும் கட்டியிருக்கிறேன். உட்லண்ட்ஸ்காரர்களே, அவரவர் பெயரை அவரவர் கையால் கீழே எழுதுங்கள்.

செல்வம் மட்டும் கடைசியாக எழுதட்டும்.