பரங்கிப்பேட்டையில் ஒரு போணி

போன புரட்டாசியில் காலாண்டு விடுமுறை விட்டதும் நானும் என் மனைவி சுமதியும் சிதம்பரத்துக்குக் கிளம்பினோம். நான் சேலத்தில் பள்ளி ஆசிரியர். கேமரா என் பழைய கிறுக்கு. ஆனால் இந்தமுறை படத்துக்காக மட்டும் போகவில்லை. போன வருடம் சுமதிக்கு மார்பில் கட்டி வந்து, அறுவை சிகிச்சையும் ஊசிகளும் முடிந்து, இனி எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடம்பு தேறிவிட்டது. மனசுதான் தேறவில்லை. என் அக்கா மகள் நலங்கில் அவள் சந்தனக் கிண்ணத்தை எடுத்தபோது, உறவுக்காரப் பெண் ஒருத்தி, "நீ உக்காரு கண்ணு, உடம்பு முடியாதவ" என்று சிரித்துக்கொண்டே அதை வாங்கி வைத்துவிட்டாள். அன்றிலிருந்து நல்ல காரியம் எதிலும் சுமதி கை வைப்பதில்லை. தன் கை ராசியில்லாத கை என்று ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னாள். அந்த உறவுக்காரப் பெண் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அதை மறைக்கப்போவதில்லை.

சிதம்பரத்தில் அறை ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு. மின்விசிறி சத்தம் போடும், மற்றபடி சுத்தம். சனிக்கிழமை காலை பரங்கிப்பேட்டை, ஞாயிறு காலை நடராஜர் தரிசனம் என்பது திட்டம். பரங்கிப்பேட்டை இருபது கிலோமீட்டருக்குள்தான். டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். சுமதிக்கு டிக்கெட் இல்லை, எனக்கு உண்டு. அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே வந்தாள்.

வெள்ளாறு கடலில் சேருகிற ஊர் இது. ஆறரை மணிக்கு ஆற்றோரத்தில் நாங்களும் கொக்குகளும்தான். ஃபைபர் படகுகள் நீலமும் பச்சையுமாக வரிசையாகக் கிடந்தன. வெயில் சாய்வாக விழுந்ததில் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. அரை மணி நேரம் கேமராவில் சுட்டுத் தள்ளினேன். பிறகு பெரிய கதவு வைத்த வீடுகள் இருக்கிற தெருக்களில் நடந்தோம். யாரும் எங்களை எதுவும் கேட்கவில்லை. அப்படி ஒரு அமைதி.

ஒரு தெருமுனையில் நாற்பது வயதிருக்கும் பெண் ஒருத்தி சாக்கு விரித்து மீனைக் கூறு கூறாக வைத்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் மீன் மேல் பிரமாதமாக விழுந்தது. கேட்காமல் கொள்ளாமல் படம் எடுத்துவிட்டேன்.

"இன்னா சார் நீங்க? இன்னும் போணியே ஆவல, அதுக்குள்ள போட்டோ புடிக்கிறீங்க. புரட்டாசி, அதுலயும் சனிக்கெழம. வாங்கறதுக்கே ஆளு இல்ல."

தப்பு என்னுடையதுதான். முதல் வியாபாரம் ஆகாத கடையில் வேடிக்கை பார்க்கக்கூட யோசிக்க வேண்டும். அவள் பெயர் தனலட்சுமி என்று பிறகு தெரிந்தது. மன்னிப்புக் கேட்டு நூறு ரூபாயை நீட்டினேன், ஒரு கூறு கிழங்கான் மீனுக்கு. அவள் வாங்கவில்லை.

"நீங்க வேணாம் சார். அக்காகிட்ட குடுங்க. அவுங்க கையால போணி பண்ணட்டும்."

சுமதி இரண்டடி பின்னால் போனாள். "நான் வேண்டாங்க. கேன்சர் வந்து பொழச்சவ. என் கையால வாங்காதீங்க."

தனலட்சுமி அவள் கையைப் பார்த்தாள். "கை நல்லாத்தான இருக்குது? குடுங்கக்கா, மீனு காயுது."

சுமதி கொடுத்தாள். தனலட்சுமி அந்த நோட்டைக் கண்ணில் ஒற்றி, மீன் மேல் ஒரு சுற்றுச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கவிச்சி கிடையாது. லாட்ஜில் அடுப்பும் கிடையாது. கையில் அரைக் கிலோ மீனோடு நின்றோம். பக்கத்து ஸ்டாண்டில் இருந்த ஆட்டோக்கார பாயிடம் கொடுத்தபோது அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

அதன்பிறகு சுமதி எதையும் சரியாகப் பார்க்கவில்லை. மீன் விற்குமா என்பதுதான் அவள் கவலை. பத்து மணிக்குத் திரும்பும்போது வேறு தெரு வழியாகப் போகலாம் என்றாள். எனக்கும் பயம்தான். ஆனால் பஸ் பிடிக்க அந்த வழிதான் தெரியும்.

சாக்கில் இன்னும் இரண்டு கூறு கிடந்தது. சுமதி முகம் விழுந்துவிட்டது.

"மீதியாயிடுச்சே. நான் குடுத்திருக்கக் கூடாது."

"இந்த மாசத்துல இவ்ளோ வித்ததே ஜாஸ்தி. மாசம் செய்யறதுக்குக் கை இன்னா பண்ணும்? முந்தாநாளு எங்க மச்சான் பொண்டாட்டி போணி பண்ணா, பாதி கருவாடாப் போச்சு. அவள இன்னா வூட்ட விட்டா தொரத்திட்டோம்?" என்றாள் தனலட்சுமி. பிறகு, "நாளைக்கு இருப்பீங்களாக்கா? இருந்தா வந்து நீங்களே போணி பண்ணிட்டுப் போங்க."

பஸ்ஸில் சுமதி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். நான் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு எப்படி நன்றி சொல்வதென்று இப்போதும் தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: ஒன்பதுக்குள் நடையை முடித்துவிடுங்கள், பிறகு வெயில் தாங்காது. தண்ணீர், தொப்பி அவசியம். பிச்சாவரமும் பக்கம்தான், ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர்களைப் படம் எடுக்கும் முன் போணி ஆயிற்றா என்று கேளுங்கள்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு நான் கண் விழித்தபோது சுமதி புடவை கட்டிச் செருப்பும் மாட்டித் தயாராக நின்றாள். கோயிலுக்கு இப்போதே போக வேண்டாம், கூட்டமாக இருக்கும் என்றேன்.

"சாமி சாயந்தரமும் அங்கதான் இருக்கும். போணி காலையிலதான், எந்திரிங்க" என்றாள்.