சாக்குநூலில் நின்ற வளைவு

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றைக்கூட இந்த மலைக்குப் பறிகொடுக்கவில்லை. பூண்டு மூட்டை தைக்கிற சாக்குநூல் ஒரு முழம் என் சுவர் ஆணியில் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மேப்புக்காரப் பிள்ளையின் நினைப்புதான்.

செல்போன் மேப்புக்காக ஓடைகளையும் பாதைகளையும் அளக்கக் கொடைக்கானலிலிருந்து வந்தவள் அவள். வடகவுஞ்சிக்கு மேலே எங்கள் ஏழு வீடுகளையும் ஓடை வளைத்துக்கொண்டு போகும். அவள் போனில் கிட்டத்தில் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. படத்தை இரண்டு விரலால் சுருக்கினாள். ஓடை நிமிர்ந்துகொண்டது, எங்கள் வீடுகள் அக்கரைக்குப் போய்விட்டன. சின்ன மருமகளுக்கு அப்போது எட்டாம் மாதம். கீழே பாதை பிரிகிற இடத்தில் ஆம்புலன்ஸ் டிரைவர் இப்படிச் சுருக்கிப் பார்த்துத்தானே திரும்புவான்? அக்கரையில் வந்து நிற்கிற வண்டியில் மழைக்காலத்தில் எப்படி ஏறுவது?

"என்ன தாயி, எங்களத் தூக்கி அக்கரையில போட்டுட்ட!" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே மூட்டை தைக்க என் மடியில் வைத்திருந்த சாக்குநூலை எடுத்து, தன் தாளில் வரைந்து வைத்திருந்த ஓடையின் இரு முனைக்கும் நேராக இழுத்துப் பிடித்தாள். "இந்த நூல விட்டு ரொம்ப வெலகி நிக்கிற வளைவ மட்டும் வச்சுக்கிருவோம்மா. சின்னதெல்லாம் விட்ருவோம். இல்லேன்னா தூரத்துப் பார்வையில கோடெல்லாம் அப்பிக் கெடக்கும், போனும் வெரசா தெறக்காது."

"சின்ன வளைவுதான். அதுக்குள்ளதான் ஏழு குடும்பம் கெடக்கோம்."

அவள் சிரிப்பு நின்றது. பிறகு எங்கள் வளைவில் நூலை விரலால் அழுத்தி மடக்கினாள். "எம்புட்டுச் சுருக்குனாலும் இத விடமாட்டேன்மா. வீடு ஓடைக்கு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கந்தான் நிக்கணும்." இரண்டு நாள் எங்கள் வீட்டிலேயே கம்ப்யூட்டரும் கையுமாக உட்கார்ந்து திருத்தினாள். "ஓடையவே நிமித்துற, ஒரு வா ஒழுங்காத் திங்கத் தெரியல" என்று ஏசிக்கொண்டே சோறு போட்டேன்.

ஐப்பசி அடைமழையில் மருமகளுக்கு வலி கண்டது. எங்கள் பக்கமே வந்தறியாத டிரைவர், போனைப் பார்த்தபடி நேராக இக்கரைக்கு வந்து நின்றான். நாங்கள் மிதித்துத் தாண்டுகிற பாறைக்கும் மேலே ஓடைத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

மேப்புக்காரப் பிள்ளை இப்போது எந்த மலையில் அலைகிறாளோ. அன்று அந்த வண்டியில் போய்ப் பிறந்தவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து என் கோணல் எழுத்தைத் திருத்தி எழுதித் தருகிறாள். சாக்குநூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். எழுதி முடித்தாயிற்று.

எங்கே, மொதல்ல இருந்து வாசி கண்ணு. சின்ன விசயம்னு எதையும் தாண்டிப் போயிராத.