எஸ்தரம்மாவின் கடைசி வரி

தொண்ணூறுகளில் காஞ்சிபுரத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் கல்லறைத் தோட்டத்துக்கு நான்தான் பொறுப்பாளர். பட்டுத் தறிகளில் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலைப் பிணைக்கும் வேலை செய்த எஸ்தரம்மா, எந்தச் சபையிலும் பெயர் கொடுக்காமல் கத்தோலிக்கம், புராட்டஸ்டண்ட், பெந்தெகொஸ்தே என்று மூன்று சபைக்கும் போவார். எங்கள் ஜெபமாலையில் பரலோக மந்திரம் முடிந்த பிறகும், புராட்டஸ்டண்டுகளைப் போல “ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே” என்று இன்னொரு வரி சொல்வார். அந்தக் கரகரத்த குரல் தனியாகக் கேட்கும்.

“அந்த வாலை அங்கயே விட்டுட்டு வாங்கம்மா” என்றேன் ஒருநாள், எல்லார் முன்னாலும்.

“பாதியில நிறுத்தினா தொண்டையிலயே நிக்குதுபா” என்றார். அதன்பின் அவர் வரவில்லை.

அவர் இறந்தபோது சொந்தக்காரர் யாருமில்லை. பெந்தெகொஸ்தேக்காரர்கள் பெட்டி வாங்கினார்கள். புராட்டஸ்டண்டுகள் குழி வெட்டினார்கள். இடம் எங்களுடையது. “எல்லாரும் எங்க ஆமெனோட நிறுத்திக்கணும்” என்று நிபந்தனை போட்டேன். இரண்டு பாஸ்டர்களும் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்கள்.

பட்டப்பகல். மூன்று சபையும் சேர்ந்து பரலோக மந்திரம் சொல்லி, பேசிவைத்தபடியே ஆமெனில் நிறுத்தியது. அப்போது அந்தக் கடைசி வரி கேட்டது. அதே கரகரத்த குரல். யாரென்று கோபமாகத் திரும்பினேன். பின்னால் மதில்சுவர்தான் இருந்தது. முன்னால் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சார், நீங்கதான் சொல்லிக்கினு இருக்கீங்க” என்றார் குழி வெட்டியவர், மெதுவாக.

இப்போதும் எங்கள் கோயிலில் எல்லாரும் நிறுத்திய பிறகு நான் அந்த வரியைச் சொல்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். பாதியில் நிறுத்தினால் தொண்டையிலேயே நிற்கிறது. குரல் மட்டும் இன்னும் என்னுடையதாக இல்லை.