கேபிள் இறுக்கம்

மாதக் கடைசித் திங்கட்கிழமை பைக்கோடு வந்தால் பழைய ரூட், வராவிட்டால் அலுவலகத்துக்குள் கதிரை. மாதத் தொடக்கத்தில் என் மேலதிகாரி சொன்னது இவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மனுஷன் கனிவாகச் சொன்னார். கண்டியில் தண்ணீர் மீற்றர் வாசிக்கிறவன் நான். பத்தொன்பது வருடமாக அம்பிட்டிய ஏற்றத்திலும் ஹந்தானைப் பக்கத்து ஒழுங்கைகளிலும் நாய்களோடு சண்டை பிடித்து, பற்றைக்குள் ஒளிந்துகிடக்கும் மீற்றரைத் தேடிப்பிடித்து இலக்கம் எழுதியவன். அந்தக் கதிரையில் இருந்தவர்களை எனக்குத் தெரியும். யாராவது பில்லோடு வந்தால் முத்திரை குத்துவார்கள். வராவிட்டால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே போய் உட்கார்ந்தால் என் கதை முடிந்தது என்று எனக்குள் உறுதியாக இருந்தது.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு காலை பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் எழும்பவில்லை. லேசான பக்கவாதம் என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். வலது பக்கம். பேச்சு சீக்கிரம் வந்தது, கால் வந்தது, கையும் வந்துவிட்டது என்று நானே அறிவித்துவிட்டேன். சோறு பிசைந்து சாப்பிட்டேன், கையெழுத்துப் போட்டேன், சட்டைப் பொத்தான் பூட்டினேன். தண்ணீர்ப் போத்தல் மூடி மட்டும் திறக்க மறுத்தது. கம்பனிக்காரன் மெஷினில் போட்டு இறுக்கிவிடுகிறான் என்று திட்டிவிட்டு இடது கையால் திறந்தேன்.

பைக் அப்போது மடவளையில், ஒரு கராஜில் நின்றது. நான் விழுவதற்கு முந்தின வாரம் கார்பரேட்டர் தேய்ந்து போய் அங்கே விட்டிருந்தேன். அங்கே பைக் திருத்துகிற பாஸுக்கும் எனக்கும் ஒரே வயது. பதினைந்து வருடப் பழக்கம், ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். ஒரிஜினல் கார்பரேட்டர் கண்டியில் எந்தக் கடையிலும் இல்லை. மேலதிகாரி கெடு வைத்த வாரம் டூப்ளிகேட் ஒன்றுதான் கிடைத்தது. பளபளவென்று இருந்தது, அதைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம்.

சந்தேகம் வீண் போகவில்லை. பழைய எக்ஸிலேட்டர் கேபிள் அதற்குக் கட்டை, நீளம் போதவில்லை. ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினால் எஞ்சின் தானாக இரைந்தது. அதனால் புதுக் கேபிள் வாங்கினோம். கார்பரேட்டருக்குள் மேலும் கீழும் போய்வரும் உருளைக்கு ஸ்லைட் என்று பெயர். அதன் ஸ்பிரிங்கைப் பெருவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கேபிள் நுனியில் இருக்கும் ஈயக் குண்டை ஸ்லைட்டின் வெட்டுக்குள் கொழுவ வேண்டும். முன்பெல்லாம் அதை நானே செய்வேன். அந்தச் சனிக்கிழமை, "ஒங்க வேலைய நா எதுக்குக் கெடுக்கணும்" என்று சொல்லி பாஸிடம் கொடுத்துவிட்டேன்.

பூட்டி முடித்ததும் பாஸ் எக்ஸிலேட்டர் பிடியை முழுக்கத் திருகிக் கையை எடுத்தார். உள்ளே ஸ்லைட் 'டக்' என்று விழுந்தது. அந்த டக் கேட்காத பைக்கை அவர் வெளியே விட மாட்டார். அடுத்து நான் திருகினேன். அரைவாசி வரை வந்தது. அதற்கு மேல் மணிக்கட்டு போகவில்லை.

"இறுக்கம் மச்சான்" என்றேன்.

அந்த முறை உண்மையிலேயே இறுக்கம்தான். கேபிள் நீளம் கூடி, டாங்கிக்கு அடியில் மடிந்து கிடந்தது. பாஸே அதைக் கண்டுபிடித்து, டாங்கியைக் கழற்றி, கேபிளை வேறு வழியால் வளைத்துவிட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பார்த்தீர்களா, கையில் ஒன்றுமில்லை, கேபிளில்தான் கோளாறு என்று உலகத்துக்கே சொல்ல வேண்டும் போலிருந்தது. அந்த ஒரு மடிப்பைச் சாக்காக வைத்தே மாதம் முழுவதையும் சமாளித்தேன்.

வழி மாற்றிய பிறகும் பிடி அரைவாசியில்தான் நின்றது. மறுபடி இறுக்கம் என்றேன். பாஸ் கேபிளைத் தொங்கவிட்டு உறைக்குள் துளித்துளியாக எண்ணெய் விட்டார். அடுத்த சனிக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனேன், அப்போதும் இறுக்கம். கேபிளே மட்டம் என்று கட்டுகஸ்தோட்டையில் இறங்கி வேறொன்று வாங்கிக்கொண்டு போனேன். அதையும் பூட்டினார். எந்தக் கேபிளாக இருந்தாலும் அவர் கைக்கு டக் என்று விழுந்தது. அவர் கை இரும்பு பிடித்துப் பழகிய கை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடைசிச் சனிக்கிழமை அவர் எங்கிருந்தோ ஒரு மெல்லிய ஸ்பிரிங் தேடி வைத்திருந்தார். அதைப் போட்டுத் திருகிக் காட்டினார். ஸ்லைட் விழுந்தது, ஆனால் முன்னைவிடச் சோம்பலாக. என் முகத்தைப் பார்க்காமல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மச்சான், இதுக்கு மேல லேசாக்க ஏலா. லேசாக்கினா ஸ்லைட் விழாது, ரேஸ் கொறையாம அப்பிடியே நிண்டுரும். நீங்க எறக்கத்துல போற ஆளு."

நான் திருகிப் பார்த்தேன். முக்கால்வாசி வந்தது, அங்கே கை நடுங்கி வழுக்கியது. "இப்ப பரவால்ல" என்றேன். பொய்தான். ஓட ஓடச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

"டொக்டர்ட கைய இன்னொருக்கா காட்டினா என்ன?"

"பைக்கப் பத்தி மட்டும் பேசுங்க மச்சான்" என்று சீறினேன். பதினைந்து வருடத்தில் அவரிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. அவர் ஹெல்மட்டை எடுத்தார்.

எங்கள் வீடு கலஹா ரோட்டில், தேயிலை தொடங்கும் இடத்தில். அதுவரைக்கும் அவரே பைக்கை ஓட்டிக்கொண்டு வந்தார், நான் பின்னால். பேராதனை தாண்டி ஏற்றம் ஏறும்போது எஞ்சின் ஒரு இடத்திலும் திணறவில்லை. வளைவுகளில் அவர் இரண்டு விரலால் பிடியைத் தடவுவது போலத் திருப்பினார். அதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பார்த்தும் நான் ஒன்றும் விளங்கிக்கொள்ளவில்லை. விளங்கிக்கொள்ள விரும்பவில்லை என்று சொன்னால்தான் சரி. வாசலில் நிறுத்திவிட்டு, தேத்தண்ணி கூடக் குடிக்காமல் அவர் பஸ் ஏறிப் போனார்.

ஞாயிறு காலை என் மனைவி பைக்கைக் கழுவினாள். மறுநாளுக்காக முன் விளக்கில் சந்தனப் பொட்டு வைத்து, இரண்டு சில்லுக்கும் அடியில் தேசிக்காய் வைத்தாள். நசுக்கிக்கொண்டு புறப்பட வேண்டும் என்பது அவள் கணக்கு. நான் உள்ளே ஷூவுக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து மாதமாகப் போடாத ஷூ. அப்போது வெளியே கேட்டது.

டக்.

பிரஷ்ஷை வைத்துவிட்டுக் கதவுக்கு வந்தேன். அவள் ஈரத் துணியைப் பிடியில் சுற்றித் துடைத்திருக்கிறாள், அது முழுக்கத் திருகித் திரும்பி விழுந்திருக்கிறது. பைக்கில் பின்னால் உட்காருவதைத் தவிர வேறொன்றும் தெரியாதவள், பயந்து போய் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதையாவது உடைத்துவிட்டோமோ என்று நினைத்திருப்பாள். துணியை எடுத்துவிட்டு, பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் வைத்து மெதுவாக இன்னொரு தடவை திருகினாள். முழுக்கப் போனது. விட்டாள். டக்.

எத்தனையோ சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் அந்தக் கேபிளைத் திட்டியிருக்கிறேன். கராஜைத் திட்டினேன், டூப்ளிகேட் செய்து விற்கிறவனைத் திட்டினேன். அவளும் சேர்ந்து திட்டியிருக்கிறாள். இப்போது அவள் தன் இரண்டு விரலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தவள் கதவடியில் என்னைக் கண்டாள்.

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஒரு நொடிதான். உடனே துணியை மறுபடி பிடிமேல் போட்டு, இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகுகிற மாதிரிக் காட்டினாள்.

"ஆமாங்க" என்றாள். "நீங்க சொன்னது சரிதான். ரொம்ப இறுக்கமாத்தான் இருக்கு."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கூட நான் அழவில்லை. அன்றைக்குக் கிணற்றடிக்குப் போய், முகம் கழுவுகிற சாக்கில் அழுதேன். அந்தக் கை இனி வராது என்பதற்காகக் கூட இல்லை. எத்தனை பேர் எனக்காக இப்படி நடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்காகத்தான். பாஸ் ஸ்பிரிங் தேடி எங்கெல்லாம் அலைந்தாரோ. முதல் கேபிளிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை தேசிக்காய் இரண்டும் வைத்த இடத்திலேயே இருந்தன. அவற்றைத் தாண்டி நடந்து போய் பஸ் ஏறினேன். அவள் சாப்பாட்டுப் பார்சலை என் இடது கையில்தான் கொடுத்தாள்.

மேலதிகாரி வாசலிலேயே கேட்டார், பைக் எங்கே என்று.

"கேபிள் இறுக்கம் சேர்" என்றேன். "இந்த டூப்ளிகேட் சாமான் ஒண்ணுக்கும் ஒதவாது."

"ஓ, அது பெரிய கரச்சல்தான்" என்றார் அவர். என் வலது கையை ஒருமுறை பார்த்தார். பிறகு மூலையிலிருந்த கதிரையை இழுத்து, தூசியைத் தன் கையாலேயே தட்டிவிட்டு, எனக்கு வாகாகத் திருப்பி வைத்தார்.