ஆந்தைக் காசில் ஒரு வெட்டு

தொண்ணூறுகளில், ரொறொன்ரோ நூதனசாலையில் பழைய கிரேக்க வெள்ளிக் காசுக்குக் காவல் நின்றவர் நம்மவர். நரைத்த மீசை, தொளதொளத்த சீருடை. யாராவது கண்ணாடியில் விரல் வைத்தால் உடனே கைலேஞ்சியால் துடைப்பார். ஊரை வைத்து ஆளை எடைபோடும் யாழ்ப்பாணத்தார் வழக்கப்படி நான் முதலில் கேட்டது:

"அண்ணை, ஊரிலை எவடம்?"

அவர் முகம் சிவந்தது. காசைக் காட்டினார். அதிலிருந்த ஆந்தையின் முகத்தில் ஆழமாக ஓர் உளி வெட்டு.

"அசல் வெள்ளியோ எண்டு அந்தக் காலத்து யாவாரி வெட்டிப் பாத்தவன். ஒரு வெட்டோடை நம்பிட்டான். என்னை அகதி விசாரணையிலை மூண்டு தரம் கேட்டும் நம்பேல்லை. இப்ப ஊர் கேட்டுக்கொண்டு நீரும் உளியோடை வந்திட்டீரோ?"

வெளியே வந்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர் எந்த ஊராக இருக்கும் என்றுதான் இன்றைக்கும் யோசிக்கிறேன்.