பதினாலாயிரம் கெல்வின்

பெட்டியை ஏற்கெனவே யாரோ திறந்திருந்தார்கள். பழைய டேப்பின் மேல் புது டேப் ஒட்டியிருந்தது. பத்திரிகை அலுவலகத்தில் பிழை பார்த்தே பழகிய எனக்குச் சந்தேகப்பட அது போதுமானதாக இருந்தது.

"பிரிச்ச பெட்டி மாதிரி இருக்கே?"

"ஒடையாம கீதான்னு பாக்கத்தான் பிரிச்சேன் சார்," என்றார் தாம்பரம் வண்ணமீன் கடைக்காரர். "எல்லாரும் எல்.இ.டி.க்குப் போய்ட்டாங்க. உங்க ஒருத்தருக்காகத்தான் மெட்டல் ஹாலைடு பல்பு வரவழைக்கிறேன்."

முடிச்சூர் வீட்டு ஹாலில் எங்களுக்கு நாலடிக் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. கல் பவளம் வளர்க்கச் சட்டம் விடாது. எங்களிடம் இருப்பது ஓர் அனிமோன். கடல் சாமந்தி என்பார்கள்; பூப்போல விரிந்து, ஒளியை நம்பி வாழும் கடல் உயிரி. அதன் இதழ்களுக்குள் இரண்டு கோமாளி மீன்கள். ஏழு வருடமாக அவற்றுக்குத் தீனி போடுவது பள்ளி ஆசிரியையான என் மனைவி. விளக்கு என் பொறுப்பு. பழைய பல்பு மஞ்சளடித்துப் போனதால், நீலம் கலந்த வெள்ளை ஒளி தரும் பதினாலாயிரம் கெல்வின் பல்பாகக் கேட்டு வாங்கினேன்.

மாட்டியதும் ஒளி பச்சையாக வந்தது. கடைக்காரரைப் போனில் பிடித்தேன்.

"பத்து நாள் எரியட்டும் சார், கலர் தானா செட் ஆவும்."

நான் நம்பவில்லை. மறுநாள் காலை, விளக்கின் அடிக்கண்ணாடியைக் கழற்றி, பல்பில் அச்சிட்டிருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பெட்டியில் 14,000-இல் உள்ள நான்கின் கால் நேராக இருந்தது, பல்பில் சாய்ந்திருந்தது. போலி என்று முடிவு கட்டினேன். தினமும் சோதிக்க வேண்டியிருக்கும் என்பதால் கண்ணாடியைத் திரும்ப மாட்டவில்லை. தண்ணீர் தெறிக்காமல் தடுக்கத்தான் அது என்று நினைத்திருந்தேன். செய்தித்தாளில் சுற்றி பிரிட்ஜ் மேல் வைத்தேன்.

மூன்றாம் நாள் அனிமோன் சுருங்கியது. நான்காம் நாள் நகர்ந்து கல்லுக்குப் பின்னால் போனது. அதன் பழுப்பு நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"அது செத்துப்போச்சுன்னா அப்புறம் இந்தத் தொட்டியே வேணாம்," என்றாள் மனைவி.

போலி பல்பு, ஒளி போதவில்லை. அதுதான் என் கணக்கு. விளக்கை நாலு அங்குலம் இறக்கினேன். இன்னும் வெளுத்தது. கடைக்கே போனேன்.

"அனிமோன் மேல வருதா, ஓடி ஒளியுதா?" என்று கேட்டார்.

"ஒளியுது."

"அப்போ வெளிச்சம் கம்மி இல்ல சார், ஜாஸ்தி. கண்ணாடி போட்டுகீறீங்களா?"

"பேச்சை மாத்தாதீங்க."

"இன்னா சார், ஒரு கேள்வி கேக்கக் கூடாதா? போலீஸ் மாதிரி மொறைக்கிறீங்க."

புதன்கிழமை மாலைகளில் எங்கள் ஹாலில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். பாய் விரித்து ஆறேழு பேர் உட்காருவார்கள். அந்த வாரம் கூட்டம் முடிந்த மறுநாள் காலை மனைவியின் கண்கள் சிவந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தின. மெட்ராஸ் ஐ என்றாள். மாடி வீட்டுப் பெண்மணி போனில் வந்தார்.

"டீச்சர், உங்களுக்குமா? கூலிங் கிளாஸ் போட்டுட்டு வந்தாங்களே, அந்த அக்காதான். பரப்பிட்டுப் போய்ட்டாங்க பாருங்க."

விசாரித்ததில், அந்த அக்காவுக்குக் கண்ணில் ஒன்றுமே இல்லை. யார் எங்கே உட்கார்ந்தீர்கள் என்று மனைவியிடம் கேட்டேன்.

"அவங்க வாசல் பக்கம். நானும் மாடி வீட்டுக்காரங்களும் தொட்டிக்கு எதிர்ல, கிட்டக்க. ஏன்?"

நிமிர்ந்து பார்த்தேன். பல்பு மூடியில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. கடைக்காரருக்குப் போன் செய்து, கண்ணாடி இல்லாமல் எரித்தால் என்ன ஆகும் என்றேன்.

"மொதல்ல ஆஃப் பண்ணுங்க சார்! அல்ட்ராவயலெட் அப்படியே எறங்கும். வெல்டிங்க வெறுங்கண்ணால பாத்த மாதிரி. அனிமோன் வெந்துடும்."

அணைத்தேன். பிரிட்ஜ் மேலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினேன். விளக்கைப் பழைய உயரத்துக்கே தூக்கி மாட்டினேன். மனைவி கண்ணில் சொட்டு மருந்தோடு நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

"அந்த அக்காகிட்ட நீங்கதான் சொல்லணும்," என்றாள்.

அடுத்த புதன்கிழமை, விளக்கின் கண்ணாடியைக் கழற்றிய நான்தான் காரணம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். மாடி வீட்டுப் பெண்மணி தரையைப் பார்த்தார். அந்த அக்கா கூலிங் கிளாஸைக் கழற்றாமலே சிரித்தார்.

ஒளி தானாக நீலமானது. மூன்றாவது வாரம் அனிமோன் கல்லின் முன்பக்கம் வந்தது. பாதி அளவுதான், நுனிகளில் மட்டும் பழுப்பு. மீன்களில் ஒன்று உள்ளே போய்ப் புரண்டது. மனைவி ஒரு துண்டு இறாலை நீட்டினாள். அனிமோன் அதைப் பிடித்துக்கொண்டது.

நான்கின் கால் ஏன் சாய்ந்திருக்கிறது என்று மட்டும் கடைக்காரரிடம் இன்னும் கேட்கவில்லை.